அண்ணாச்சி பதில்கள்: ஊரடங்குக்கு எத்தனை மார்க்?

கொரோனா காலத்தில் அரசுகள் செய்தது சரியா, தப்பா? இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாம் இதையே சுற்றுகின்றன. பாலவனத்தத்திலிருந்து நரிக்குடி வரை ஒருத்தர் விடாமல் கேட்டிருக்கிறீர்கள். வாங்க, ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

கேள்வி: ஒரே வார்த்தையில் சொல்லுங்க அண்ணாச்சி, பாஸா ஃபெயிலா?
(டீக்கடைக்காரர், பாலவனத்தம்)

ஏற்கெனவே கட்டி வைத்திருந்ததில் பாஸ். திடீரென்று அறிவித்ததில் ஃபெயில். ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், மருந்து வாங்கிக் கொடுக்கும் மருத்துவப் பணிகள் கழகம் மூன்றும் கொரோனாவுக்குப் பல வருஷம் முந்தியவை. அவை தாங்கின. ராத்திரி எட்டு மணிக்கு டி.வி.யில் வந்த அறிவிப்பு தாங்கவில்லை.

கேள்வி: ஊரடங்கே தேவையில்லை என்கிறான் என் மருமகன். நீங்க என்ன சொல்றீங்க?
(ஓய்வுபெற்ற வாத்தியார், கல்லூரணி)

தேவைதான் சார். ஊரடங்கு நோயை விரட்டாது, நேரம் வாங்கித் தரும். கண்மாய்க் கரை உடையும்போது போடுகிற மணல் மூட்டை மாதிரி. மூட்டை நிற்கும்போதே கரையைக் கட்டிவிட வேண்டும்.

தமிழ்நாடு அந்த நேரத்தில் பரிசோதனைக் கூடங்களைக் கட்டியது. விரல்விட்டு எண்ணக்கூடிய கூடங்கள் சில மாதங்களில் நூற்றைத் தாண்டின. அதற்கு முழு மார்க். ஆனால் 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குச் சொல்லி, பன்னிரண்டுக்கு நாட்டைப் பூட்டியதற்கு மார்க் கிடையாது. நாலு மணி நேரத்தில் கல்யாண வீட்டுப் பந்தலைக்கூடப் பிரிக்க முடியாது.

கேள்வி: கோயம்பேட்டில் என்னதான் நடந்தது?
(கொத்தமல்லி வியாபாரி, அருப்புக்கோட்டை)

அறிவிப்பே நோயைப் பரப்பிய கதை. சென்னை, மதுரை, கோவைக்கு 2020 ஏப்ரல் 26 முதல் நாலு நாள் முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி சொன்னார்கள். கூட்டம் சேரக் கூடாது என்பதற்காக வந்த உத்தரவு, ஊர்க் கூட்டத்தையே கோயம்பேடு மார்க்கெட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மே 5இல் கோயம்பேட்டை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள். அதற்குள் லோடு ஏற்ற வந்த லாரியோடு வைரஸும் ஏறி மாவட்டம் மாவட்டமாக இறங்கிவிட்டது.

காய்கறியை முதல் வாரமே பல இடங்களில் பிரித்து விற்றிருக்கலாம். நம்ம சந்தையைப் பஸ் ஸ்டாண்டுக்கும் மைதானத்துக்கும் மாற்றத் தெரிந்த நிர்வாகத்துக்கு, தலைநகரத்தில் அது தாமதமாகத் தெரிந்தது.

கேள்வி: அடுத்த ஆட்சி அந்தப் பாடத்தைப் படித்ததா?
(அதே வியாபாரியின் பக்கத்துக் கடைக்காரர்)

பாதி. 2021 மே 24 முதல் தளர்வில்லாத ஊரடங்கு என்று சொல்லிவிட்டு, 22, 23 தேதிகளில் கடையையும் பஸ்ஸையும் திறந்துவிட்டார்கள். ஊரே துணிக்கடை வரை போனது. அதற்கு முந்தின நாள்தான், மே 21இல், மாநிலத்தின் ஒருநாள் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

கேள்வி: எடப்பாடியா, ஸ்டாலினா?
(இளைஞர், பந்தல்குடி)

தம்பி, பரிசோதனையில் எடப்பாடி. பல மாநிலங்கள் சீக்கிரம் முடிவு தெரியும் ஆன்டிஜென் சோதனையில் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டியபோது, தமிழ்நாடு ஆர்.டி.பி.சி.ஆர்.தான் என்று பிடிவாதமாக நின்றது. நல்ல பிடிவாதம். ஆனால் 2020 ஏப்ரலில் "இரண்டு மூன்று நாளில் புதுத் தொற்று பூஜ்யமாகும்" என்ற பொருளில் பேசியதும் அவர்தான். வைரஸ் அறிக்கை படிக்காது.

ஸ்டாலின் பதவியேற்ற நாளே அலை தலைக்கு மேல். வார் ரூம், படுக்கை, ஆக்சிஜன் என்று ஓடினார்கள். அப்போது நம்ம திருச்சுழி எம்.எல்.ஏ.வாக இருந்த தங்கம் தென்னரசுக்குத் தொழில் துறை, அருப்புக்கோட்டை எம்.எல்.ஏ.வாக இருந்த சாத்தூர் ராமச்சந்திரனுக்கு வருவாய், பேரிடர் மேலாண்மைத் துறை. மாநிலம் மூச்சு முட்டிய மாதத்தில் இரண்டு பெரிய பொறுப்பு இந்த வறண்ட பூமிக்கு வந்தது. அதுவரை குடிதண்ணீருக்கு மனு எழுதித்தான் நமக்குப் பழக்கம்.

கேள்வி: இரண்டாம் அலைக்குத் தேர்தல் காரணமில்லையா?
(கூட்டுறவு வங்கி ஊழியர், காரியாபட்டி)

காரணங்களில் ஒன்று. டெல்டா வைரஸ் ஓட்டுப் போட வரவில்லை. ஆனால் ஓட்டுக் கேட்டு வந்த கூட்டத்தில் மாஸ்க்கைத் தேட வேண்டியிருந்தது. ஓட்டுப்பதிவு 2021 ஏப்ரல் 6. அதே மாதம் 26ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தைக் கொலை வழக்கு வரைக்கும் இழுத்து வாய்மொழியாகச் சாடியது. அந்தச் சொல் கடுமையானது என்றது உச்ச நீதிமன்றம். சொல் கடுமைதான். அந்த மே மாதம் அதைவிடக் கடுமை.

கேள்வி: ரேஷன்ல ஆயிரம் ரூபாய் கொடுத்தாங்களே, அது போதுமா?
(குடும்பத் தலைவி, பரளச்சி)

போதாது தாயி. ஆனால் வந்து சேர்ந்தது, அதுதான் சேதி. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு ஆயிரம், கூடவே அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை. 2021இல் இரண்டு தவணையில் நாலாயிரம், பதினாலு மளிகைச் சாமான். மாநிலத்தில் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கடைகள். ஏழை யார், ஏழை இல்லாதவர் யார் என்று வாசலில் நிற்கவைத்துப் பிரிக்காத பொது விநியோகம் இங்கே இருக்கிறது. "எல்லாருக்கும் எதுக்கு அரிசி?" என்று வருஷக்கணக்காக நக்கலடித்த பொருளாதார மேதைகளுக்கு இந்த ஒரு ஏப்ரல் போதும்.

அட்டை இல்லாதவர் கதை வேறு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் மில் வேலைக்கு வந்தவர் கையில் நம்ம அட்டை இல்லை. பசிக்கு முகவரி கேட்டது அரசு.

கேள்வி: நான் விசைத்தறி ஓட்டுறவன். நலவாரியக்காரனுக்குப் பணம் வந்துச்சு, எனக்கு வரல. ஏன்?
(தறித் தொழிலாளி, அருப்புக்கோட்டை)

பணம் வியர்வையைப் பார்த்து வரவில்லை, பதிவேட்டைப் பார்த்து வந்தது. வாரியத்தில் பதிந்த கட்டுமானத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர் என்று பட்டியலில் இருந்தவருக்குக் கிடைத்தது. நூல் வரவில்லை, தறி நின்றது, கூலி நின்றது. ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்றால் அரசின் கண்ணுக்கு உங்க தறி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வேலையாக வாரியத்தில் பதியுங்க. அமைதியான காலத்தில் எழுதின பெயர்தான் ஆபத்துக் காலத்தில் வாசிக்கப்படும்.

கேள்வி: இ-பாஸ்?
(கார் டிரைவர், மல்லாங்கிணறு)

மாவட்டம் தாண்டிப் போகும் அந்த அனுமதிக்குக் கல்யாணம், மரணம், மருத்துவம் என்று மூன்றே காரணம் வைத்தார்கள். உயிரோடு இருந்த பாட்டிகள் எத்தனை பேர் அந்த விண்ணப்பத்தில் செத்தார்களோ! நிஜமாகவே தாய் இறந்தவன் பாஸுக்காக செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 2020 ஆகஸ்ட் 17 முதல் கேட்டவருக்கெல்லாம் உடனே என்றார்கள். கேட்டவருக்கெல்லாம் கிடைக்கிற அனுமதிக்கு எதற்கு அனுமதி? இரண்டு வாரத்தில் மாவட்டங்களுக்கு இடையே போய்வர அது தேவையில்லை என்றாகிவிட்டது.

கேள்வி: ராத்திரி ஊரடங்கு எதுக்கு? கொரோனா பத்து மணிக்குத்தான் கிளம்புமா?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, திருச்சுழி)

நகரத்து விருந்துக் கூட்டத்தைக் குறிவைத்துப் போட்ட விதி கண்ணு. உங்க ஊரில் பத்து மணிக்கு மேல் திருமேனிநாதர் கோயில் தெருவில் நாய் மட்டும்தான் நடமாடும். சென்னைக்குத் தைத்த சட்டையைத் திருச்சுழிக்கும் மாட்டிவிட்டார்கள்.

கேள்வி: டாஸ்மாக்கைத் திறந்தாங்க, பள்ளிக்கூடத்தை மூடினாங்க. இது நியாயமா?
(சத்துணவு அமைப்பாளர், நரிக்குடி)

இல்லவே இல்லை. இதில் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. மதுக்கடை 2020 மே 7இல் திறந்தது. மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம் வரை ஓடித் தடை வாங்கி, மே 16இல் மறுபடி திறந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. குடிக்கிறவன் காத்திருந்ததை மாதத்தில் எண்ணலாம், படிக்கிறவள் காத்திருந்தது ஒன்றரை வருஷத்துக்கும் மேல். பள்ளிக்கூடத்துக்காக ராத்திரியோடு ராத்திரியாக டெல்லிக்கு யாரும் வக்கீல் அனுப்பவில்லை.

சத்துணவு அரிசியும் பருப்பும் வீட்டுக்கு வந்தது. நல்ல காரியம். தட்டு முன்னால் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்ல வைத்தது வரவில்லை.

கேள்வி: போன படிப்பு திரும்புமா?
(இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், எம்.ரெட்டியபட்டி)

பெரும்பகுதி திரும்பியது, அதில் உங்க கைரேகை இருக்கிறது தங்கச்சி. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. மீண்டதில் ஏறக்குறைய கால்பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் மதிப்பூதியத்துக்கு அரசு வாங்கிய மிகப் பெரிய லாபம் நீங்கதான். ஆயிரத்தை ஏற்றிக் கேளுங்க.

கேள்வி: அரியர் ஆல் பாஸ்?
(பொறியியல் மாணவன், ஆத்திபட்டி)

2020 ஆகஸ்டில் கட்டணம் கட்டினவன் எல்லாம் பாஸ் என்றார் முதல்வர். ஊரெல்லாம் போஸ்டர். பிறகு நீதிமன்றம் தேர்வை நடத்தச் சொன்னது. நீ கட்டுகிற பாலத்தில் நான் பஸ்ஸில் போகப் போகிறேன் தம்பி. நீதிமன்றம் பக்கம்தான் நான்.

கேள்வி: பாண்டித்துரைத் தேவர் ஜமீன் காலத்தில் கொள்ளைநோய் வந்தால் என்ன செய்தார்கள்?
(தமிழ் முதுகலை மாணவர், பாலவனத்தம்)

நம்ம ஜமீன்தாருக்கு முப்பது வயதானபோது, 1897இல், வெள்ளைக்காரன் கொள்ளைநோய்ச் சட்டம் போட்டான். பம்பாய்ப் பிளேக்குக்காகப் பிறந்த அந்தச் சட்டத்தையும் வைத்துத்தான் 2020இல் நம்மை அடக்கினார்கள். நாலே பிரிவுள்ள சட்டம். அதிகாரிக்கு அதிகாரம் நிறைய, குடிமகனுக்கு உரிமை பூஜ்யம். அந்த வருஷமே புனேயில் வீடு புகுந்து சோதனை போட்ட பிளேக் கமிஷனர் ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள்.

அதைவிட உருப்படியானது 1939இன் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். பொதுச் சுகாதாரத்துக்கென்று தனித் துறை, தனி அதிகாரிகள் என்று இந்தியாவில் முன்னால் நடந்தது நம்ம மாகாணம். தெருத் தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்ட ஆட்கள் அந்தப் பரம்பரை. மாஸ்க் போடாததற்கு 200 ரூபாய் அபராதமும் அந்தச் சட்டத்தின் வாலில் கட்டியதுதான்.

கேள்வி: போலீஸ் அடித்தால்தான் மக்கள் அடங்குவார்கள் என்கிறாரே எங்க மாமா?
(கல்லூரி மாணவி, வீரசோழன்)

மாமாவைச் சாத்தான்குளத்துக்குக் கூட்டிப் போ. ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்று சொல்லி 2020 ஜூன் 19இல் பிடிக்கப்பட்ட ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறைப் பொறுப்பில் எடுக்கச் சொன்னது. ஷட்டர் இறக்கத் தாமதமானால் தண்டனை அபராதம். அதற்கு மேலே போன ஒவ்வொரு அடியும் குற்றம்.

கேள்வி: மக்கள் பக்கம் தப்பே இல்லையா?
(ஊராட்சி மன்ற முன்னாள் உறுப்பினர், முடுக்கன்குளம்)

இருக்கிறது. கொரோனா தொற்றி இறந்த சென்னை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் உடலை அடக்கம் செய்யவிடாமல் 2020 ஏப்ரலில் கல்லெறிந்தார்கள். சக மருத்துவர் ராத்திரியில் தன் கையால் மண் தள்ளினார். அதே மாதம் அடக்கத்தைத் தடுத்தால் சிறை என்று மாநிலம் அவசரச் சட்டம் போட்டது. சட்டம் போட்டுத்தான் பிணத்துக்கு இடம் வாங்க வேண்டியிருந்தது.

கேள்வி: கபசுரக் குடிநீர் வேலை செய்ததா?
(சித்த மருந்துக்கடைக்காரர், அருப்புக்கோட்டை)

வாய்க்குக் கசப்பு, மனசுக்குத் தெம்பு. மூச்சு முட்டினால் ஆக்சிஜன். இங்கே அரசு இரண்டையும் வைத்திருந்தது, அதனால் குறை சொல்ல மாட்டேன். கடல் தாண்டிப் பாருங்க. இலங்கையில் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி, ஒருவர் காய்ச்சிய "தம்மிக்க பாணி"யைக் கேமரா முன்னால் குடித்தார். சில வாரத்தில் அவருக்கே கொரோனா.

அதே அரசு, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களைப் புதைக்க விடாமல் 2021 பிப்ரவரி வரை எரித்தது. புதைப்பதில் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. பாணிக்கு ஆதாரம் வேண்டாம் என்றவர்கள் கபருக்கு ஆதாரம் கேட்டார்கள். 2024இல் மன்னிப்புக் கேட்டது அமைச்சரவை.

கேள்வி: எங்க அண்ணன் சிங்கப்பூரில் டார்மிட்டரியில் மாட்டினான். அங்கேயும் கோட்டை விட்டாங்களா?
(ஆடு வளர்ப்பவர், நரிக்குடி)

கோட்டைக்கு உள்ளே பாதுகாப்பு, வெளிச்சுவரில் ஓட்டை. நகரத்தை அருமையாகக் காத்தவர்கள், ஒரே அறையில் பத்து இருபது பேர் படுக்கும் விடுதியை 2020 ஏப்ரல் வரை கண்டுகொள்ளவில்லை. அந்த வருஷ முடிவில் கணக்கெடுத்தால் விடுதித் தொழிலாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. சிகிச்சை தந்தார்கள், சாவு மிகக் குறைவு, அதையும் சொல்ல வேண்டும். படுக்கைக்கு இடைவெளி விடாதவன் பாதுகாப்பு இடைவெளி பற்றிப் பேசக் கூடாது.

கேள்வி: தடுப்பூசிக் கொள்கையில் எங்கே கோளாறு?
(மருந்தாளுநர், காரியாபட்டி)

2021 மே 1 முதல் ஜூன் 20 வரை எங்கே தொட்டாலும் கோளாறு. பதினெட்டு முதல் நாற்பத்து நாலு வயதுக்காரருக்கு மாநிலங்களே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டது ஒன்றிய அரசு. ஒரே கோவாக்சினுக்கு ஒன்றியத்துக்கு ஒரு விலை, மாநிலத்துக்கு ஒரு விலை, தனியாருக்கு 1,200. தமிழ்நாடு மூன்றரைக் கோடி டோஸுக்கு உலக டெண்டர் விட்டது. உலகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. ஜூன் 7இல் பிரதமரே பழைய முறைக்குத் திரும்புவதாக அறிவித்தார். திரும்பியது நல்லது.

திரும்பிய பிறகு பாருங்க: 2021 செப்டம்பர் 12இல் ஒரே நாளில் தமிழ்நாட்டில் 28 லட்சம் ஊசி. மருந்து கையில் இருந்தால் நம்ம செவிலியர் அசகாய சூரர்கள்.

கேள்வி: நடிகர் விவேக் ஊசியால்தானே இறந்தார்?
(முடிதிருத்துநர், பந்தல்குடி)

இல்லை. ஊசிக்குப் பின் நடந்தது எல்லாம் ஊசியால் நடந்தது ஆகாது. மத்தியக் குழு ஆராய்ந்து, மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றது. அறிக்கை வந்தது அக்டோபரில், வதந்தி ஏப்ரலிலேயே ஊர் சுற்றி முடித்திருந்தது. மரம் நட்டு ஊருக்கு நல்லது செய்த கோவில்பட்டிக்காரர், ஜனங்கள் பயப்படக் கூடாது என்றுதான் ஆஸ்பத்திரிக்கு வந்து கேமரா முன்னால் ஊசி போட்டார்.

கேள்வி: நம்ம மாவட்டம் தப்பித்ததா?
(கரிமூட்டத் தொழிலாளி, திருச்சுழி)

2021 நடுவில் மாநிலம் ரத்த ஆய்வு எடுத்தது. எதிர்ப்புச் சக்தி இருந்தவர்கள் மாநிலத்தில் 66 சதவீதம். முதலிடம் விருதுநகர் மாவட்டம், 84. கடைசி ஈரோடு, 37. அப்போது இங்கே ஊசி அதிகம் போகவில்லை, ஆக பெரும்பாலும் நோய் வந்து கொடுத்த எதிர்ப்பு. நாம் தப்பிக்கவில்லை, தாண்டினோம். "எங்க ஊரில் யாருக்கும் வரல" என்று சொன்னவர் இருமிக்கொண்டேதான் சொன்னார்.

கேள்வி: இறந்தவர் கணக்கு உண்மையா?
(கிராம நிர்வாக அலுவலகத்துக்கு அலைந்த ஒருவர், பரளச்சி)

முழு உண்மை இல்லை. நாடு சொன்ன கொரோனா மரணம் 2021 முடிவு வரை சுமார் 4.8 லட்சம். உலக சுகாதார நிறுவனம் அந்த இரண்டு வருஷத்தின் கூடுதல் மரணம் 47 லட்சம் என்று மதிப்பிட்டது. அரசு மறுத்தது. பிறகு அரசின் சொந்தப் பதிவேடே பேசியது: பதிவான மொத்த மரணம் 2020இல் 81 லட்சம், 2021இல் ஒரு கோடியே இரண்டு லட்சம். ஒரே வருஷத்தில் இருபத்தொரு லட்சம் கூடியதற்கு எந்த மறுப்பு அறிக்கையும் பதில் சொல்லாது.

சென்னையில் விட்டுப்போன 444 மரணத்தை 2020 ஜூலையில் மாநிலம் தானாகச் சேர்த்தது. அந்த நேர்மை கடைசி வரை நீடித்திருக்க வேண்டும். சான்றிதழில் நோயின் பெயர் இல்லை என்பதற்காக மட்டும் ஐம்பதாயிரம் ரூபாய் நிவாரணத்தை மறுக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். உங்க அப்பாவுக்கு வந்தது கொரோனா, எழுதியது நிமோனியா என்றால், விடாமல் மனு போடுங்க. குடும்பத்தார் முறையிட மாவட்டக் குழு வைக்கச் சொன்னார்கள், அது அதிகாரி தருகிற சலுகை இல்லை.

கேள்வி: நூறு நாள் வேலை இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்?
(அக்கா ஒருவர், கல்லூரணி கண்மாய் வேலை)

வட்டிக்காரர் வீடு இரண்டு மாடி ஏறியிருக்கும். திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் திரும்பி வந்தவன் கண்மாயில்தான் மண்வெட்டி பிடித்தான். ஒன்றிய அரசு கூடுதலாக 40 ஆயிரம் கோடி ஒதுக்கியது, சபாஷ். நாடு முழுக்க அந்த வருஷம் 11 கோடிக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். அடுத்த வருஷ பட்ஜெட்டில் 73 ஆயிரம் கோடி என்று இறக்கினார்கள், இரண்டாம் அலை சரியாக அப்போதுதான் வந்தது.

கேள்வி: விருதுநகர் மருத்துவக் கல்லூரி கொரோனாவால் வந்ததா?
(பிளஸ் டூ மாணவி, பாலவனத்தம்)

அதற்கு முன்பே முடிவானது கண்ணு. 2022 ஜனவரி 12இல் பதினோரு கல்லூரிகளைத் திறக்கப் பிரதமர் விருதுநகருக்கே வருவதாக இருந்தது. தொற்று ஏறியதால் காணொலியில் திறந்தார். மொத்தம் 1,450 இடங்கள். மூச்சுத் திணறினால் மதுரைக்கு ஓடியே பழகின சனத்துக்கு அரை மணி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. பந்தலை நிறுத்தத்தான் வைரஸால் முடிந்தது. நீட் கோச்சிங் கட்டணத்தை மட்டும் யாராவது நிறுத்தினால் நீயும் அங்கே போகலாம்.

கேள்வி: என் மகள் கொரோனா வார்டில் ஒப்பந்த செவிலியர். வேலை முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். என்ன சொல்ல?
(ஒரு தாய், அருப்புக்கோட்டை)

2020 மார்ச்சில் கை தட்டினோம். 2022 டிசம்பர் 31இல் அவசரத்துக்கு எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் ஒப்பந்தத்தை முடித்தோம். வேறு தற்காலிக வேலை தருவதாக அரசு சொன்னது. கவச உடைக்குள் எட்டு மணி நேரம் வியர்வையில் நின்றவளுக்கு மறுபடியும் தற்காலிகமா?

அடுத்த அலைக்கு ஆள் தேடும்போது உங்க மகள் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள் தாயி. திறப்பதற்கு முன்னால் "பணி நிரந்தர ஆணை கையில் இருக்கா?" என்று உள்ளேயிருந்தே கேட்கச் சொல்லுங்க.